பரிகொள்வார் நம்பிக்கை: ஒரு மறுப்புரை

சிவமயம்

விலைகொடுத்துக் கொள்ளும் பொருள்களுள் உயிரில்லாதவற்றைக் கொள்ளுதல் எளிது. துணியை விரித்துப் பார்க்கலாம்; பொன்னை உரைத்துப் பார்க்கலாம்; நெல்லைக் கையிலள்ளி ஊதிப் பார்க்கலாம். உயிருடைய விலங்கினைக் கொள்ளுதல் அங்ஙனம் எளிதன்று. அதனுள்ளும் குதிரை கொள்ளுதல் மிக அரிது. பசு கறவாதொழியின் பொருளிழப்பே உண்டாம். குதிரை பொல்லாததாயின் ஏறினான் உயிர்க்கே இடையூறாம். குதிரை இருபத்தைந்தாண்டு வாழும். சில அதன் மேலும் வாழும். ஆதலின் கொள்வான் ஒருநாட் செய்த பிழை பல்லாண்டுத் துன்பமாய் நீளும். இதனையறிந்து தக்க பரியொன்றைத் தேடுவோன் சந்தை பல சென்று, தரகர் பலர் சொற்கேட்டு, கண்டவற்றிலெல்லாம் குறைகண்டு, உள்ளஞ் சோர்தல் இயல்பு. அச் சோர்வின்கண் அவன் நம்பிக்கையோடிருத்தல் தகுமோ, தகாதோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இஃது உலகியற் சிறுபொருளாயிற்றே, சித்தாந்தம் பயில்வார்க்கு இதனால் ஆவது என்னை எனின், கூறுதும். மணிவாசகப் பெருமான் திருப்பெருந்துறைக்கு எழுந்தருளியது குதிரை கொள்ளுதற்பொருட்டே என்பதை அறியாத சைவர் இலர். பரி தேடிப் புறப்பட்டார் ஒருவரது வரலாறு நம் சமயத்தின் நடுவிடத்தே நிற்கின்றது. அவ் வரலாற்றைக் கருவியாகக் கொண்டு இருசாரார் இருவேறு தவறுகளைப் பரப்பி வருகின்றனர். ஒருசாரார், நம்பிக்கை என்பது ஆராய்ச்சிக்குப் பகை. நம்பினவன் நரியையே வாங்குவான். வாதவூரர் கதையே அதற்குச் சான்று என எள்ளி நகையாடுவர். மற்றொருசாரார் அடியார் கூட்டத்துள்ளாரே. அவர், வாதவூரர் தேடுதலை விட்டார், இறைவனே குதிரை கொணர்ந்தான். ஆதலின் நம்பினார்க்குத் தேடுதல் வேண்டா என்பர். முன்னவர் நம்பிக்கையைக் கொன்று ஆராய்ச்சியை வாழ்விக்கக் கருதுவார். பின்னவர் ஆராய்ச்சியைக் கொன்று நம்பிக்கையை வாழ்விக்கக் கருதுவார். இருவரும் இரண்டனையும் ஒருங்கே இழப்பர் என்பது மேல் விளங்கும்.

முதற்கண் முன்னவர் கோளை எடுத்துக்கொள்வாம். அவர் கூறுவது இது: குதிரை கொள்வான் விற்பான் ஒவ்வொருவனையும் வஞ்சகன் எனவே கருதல்வேண்டும்; ஒவ்வொரு குதிரையையும் குறையுடையது எனவே கருதல்வேண்டும்; ‘நல்லது கிடைக்கும்’ என்னும் எண்ணம் உள்ளத்தே புகுந்த அளவில் கண் மங்கும்; விரும்பியதையே காணும். ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா’ என்னும் பழமொழியும் இதனையே வலியுறுத்தும் என்பர்.

இவ்வுரையில் மெய்ம்மை சிறிதும் இல்லையென்று கூறுதல் நடுவுநிலைமையாகாது. குதிரை வாணிகத்தில் வஞ்சம் மலிந்திருத்தல் உண்மை. குதிரையின் அகவையை முன்வாய்ப் பற்களால் அறிவர். பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்தல், நடுவிணை ஏறத்தாழ இரண்டரை ஆண்டிலும், அதனையடுத்த இணை மூன்றரை ஆண்டிலும், கடையிணை நாலரை ஆண்டிலும் நிகழும். ஐந்தாண்டில் வாய் நிரம்பும். அதன்பின் கீழ்ப்பற்களின் மேற்புறத்துள்ள குழிகள் ஆறு, ஏழு, எட்டாம் ஆண்டுகளில் முறையே தேய்ந்து மறையும். இதனையறிந்த வஞ்சகர், முதிர்ந்த குதிரையின் பல்லிற் புதிதாகக் குழிதோண்டி, அக்குழிக்குக் கருநிறமேற்றி, இளமை காட்டி விற்பர். நொண்டும் குதிரையை வாங்குவார் வருமுன் நெடுநேரம் நடத்தி, உடல் சூடேறியபின் காட்டுவர். சூடேறியபோது சில நொண்டல்கள் மறையும். உதைக்குங் குதிரையை ஓடவிட்டுக் களைப்பித்துச் சாதுவெனக் காட்டுவர். இவையெல்லாம் உள்ளனவே. ஆதலின் ஆராய்ச்சி வேண்டும் என்பதில் மாறுபாடு இல்லை.

மாறுபாடு யாண்டெனின், அவ்வாராய்ச்சியைச் செய்விப்பது யாது என்பதிலேயாம். விற்பான் காட்டிய குதிரையை அன்றே கொள்ளாது, மறுநாள் விடியலிற் சொல்லாமற் சென்று, பந்தியிற் குளிர்ந்த உடலோடு நிற்கும் நிலையிற் காண்பவன் யாவன்? மணலில் ஓட்டிக் காட்டியதனோடு அமையாது, கெட்டித் தரையில் ஓட்டச்செய்து குளம்பொலி நான்கும் ஒத்திசைக்கின்றனவோ எனச் செவிசாய்ப்பவன் யாவன்? நிறமும் பிடரிமயிரும் கண்ணைக் கவரவும், அவற்றை விடுத்துக் குளம்பை எடுத்து அடிப்புறம் நோக்குபவன் யாவன்? பத்துக் குதிரை கண்டு பத்தினையும் ‘இஃதன்று’ எனத் தள்ளிப் பதினோராவதைக் காண வழிநடப்பவன் யாவன்? தக்க பரி உளது. தேடினாற் கிடைக்கும் என்னும் உறுதியுடையானே இவற்றையெல்லாம் செய்வான். அவ்வுறுதி இல்லாதான் எதன்பொருட்டு நடப்பான்? எல்லாக் குதிரையும் குறையுடையது, எல்லா விற்பானும் வஞ்சகன் என்று முடிவுசெய்தவனுக்கு மூன்றாம் குதிரைக்கும் நான்காம் குதிரைக்கும் வேறுபாடு இல்லை. ‘எதுவாயினும் ஒன்றே, இதனையே கொள்வாம்’ என்று களைத்துக் கைநீட்டுபவன் அவனே. நரியை வாங்குபவன் நம்பிக்கையிழந்தவனேயன்றி நம்பிக்கையுடையவன் அல்லன் என்க.

இதனை அளவை நூல்வழியும் காட்டலாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அளவையிலக்கணம் கூறுமிடத்து, ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே மெய்க்காட்சி என்பது பெறப்படும். ஒன்றினை இதுவோ அதுவோ எனத் துணியாது நிற்றல் ஐயம். ஒன்றனைப் பிறிதொன்றாகத் துணிதல் திரிபு. பரிகொள்வானுக்கு நேரும் கேடும் இவ்விரண்டேயாம். நல்ல குதிரை முன்னின்றபோதும் அதனைத் துணியமாட்டாது அகல்வது ஐயத்தின் பயன். தீய குதிரையை நல்லதெனக் கொள்வது திரிபின் பயன். முன்னவர் திரிபிற்கு அஞ்சி ஐயத்தைப் புகலிடமாகக் கொண்டார். ஐயம் மருந்தன்று; அதுவும் நோயே. ஒரு நோய்க்கு மற்றொரு நோயை மருந்தாக்குதல் மருத்துவமாகாது.

இனி, நம்பிக்கையின்றிப் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை கொண்டார்க்கு நேர்ந்தது யாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பெருஞ்சான்று உண்டு. கடல்வழிக் குதிரை வருதல் தமிழகத்துக்குப் புதிதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு நீர்வழி வந்த குதிரைகளைக் கூறும். பாண்டியர் பேரரசு மீண்டும் ஓங்கிய 13-ஆம் நூற்றாண்டில் அவ்வாணிகம் மிகப் பெருகிற்று. தண்பொருநை கடலொடு கலக்குமிடத்தினருகேயிருந்த காயல் துறைமுகத்தில் ஓர்முசு, கிசு, ஏடன் முதலிய இடங்களினின்று குதிரை ஏற்றிய கலங்கள் வந்திறங்கின. அந்நூற்றாண்டின் இறுதியில் இந்நாடு போந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரையைப் பேணுமுறை இந்நாட்டார் அறியாமையும், மருத்துவம் வல்லாரை வாணிகர் இந்நாட்டுக்கு வரவிடாமையும் அதற்குக் காரணம் என்பது அவர் கூற்று. குதிரை இறந்தாலன்றோ வாணிகர்க்கு மறுகொள்முதல் உண்டு?

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீக மொழியில் வரலாறெழுதிய வசாபு என்பார் கூறுவது இதனினும் வியப்புடைத்து. ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் பாரசீகக் குடாப் பகுதிகளினின்று இங்கு வந்தன என்றும், குதிரையொன்றுக்கு 220 பொற்காசு விலை என்றும் அவர் குறித்தார். அஃது ஆண்டிற்கு 22 இலக்கம் பொற்காசாகும். கடலிடை இறந்த குதிரைக்கும் அரசன் பண்டாரத்தினின்று விலை கொடுக்கப்படும் என்பது உடன்படிக்கை என்றும் அவர் எழுதினார். காணாத குதிரைக்கு விலை! கரையேறாத குதிரைக்கு விலை! கொண்ட குதிரைகளுக்குத் தகாத உணவூட்டி ஓய்வின்றிச் செலுத்தலால் அவை விரைவிற் பயனற்றுப்போயின என்பதும் அவர் உரை.

அயல்நாட்டார் உரையில் மிகைபடக் கூறல் சிறிது இருக்கலாம். எனினும் இருவர் உரையும் பொருளளவில் ஒத்துச் செல்கின்றன. இம்மன்னர் நம்பினார், ஆதலின் ஏமாந்தார் என முன்னவர் கூறுவரேல், அது பொருந்தாது. நம்பிக்கையுடையான் இலாடம் அடிப்பானையும் குதிரை மருத்துவனையும் தேடுவான். தீனி முறையைக் கற்பான். கொண்ட பரி பல்லாண்டு வாழும் என எண்ணி இலாயம் அமைப்பான். இவர்களோ இவ்வாண்டுக் குதிரை இவ்வாண்டே இறக்கும் என்பதை முன்னரே உடன்பட்டு, அடுத்த ஆண்டுக்குப் பொன் எடுத்துவைத்தனர். அது நம்பிக்கையன்று, நம்பிக்கை இறந்தபின் எஞ்சிய செலவு. தக்க பரி ஒன்றைத் தேடும் முயற்சியைப் பதினாயிரம் பரியின் தொகையால் ஈடுசெய்யக் கருதினார் எய்திய முடிவு இது.

பழமொழியின் பொருளும் அவர்க்கு உதவாது. ‘மண்குதிரை’ என வழங்குவது ‘மண்குதிர்’ என்பதன் திரிபு எனவும், ஆற்றிடை நீர் கொணர்ந்து குவித்த மணல்மேடே குதிர் எனவும் பொருள் கூறுவார் உளர். அப்பொருள் கொள்ளினும், ஊர்தியாகிய மண்குதிரை எனவே கொள்ளினும், பழமொழி நம்பிக்கையைப் பழிக்கவில்லை. நம்பத்தகாததன்மேல் வைத்த நம்பிக்கையைப் பழித்தது. மண்குதிரையை நம்பலாகாது என்று சொன்னவர் ஆற்றைக் கடக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஓடம் தேடுக என்பதே அதன் உட்கிடை.

இனி, வாதவூரடிகள் வரலாற்றைப்பற்றி அவர் கூறும் இழிவுரைகளை ஆராய்வாம். அரசன் பொன்னைக் கோயிற்பணிக்குச் செலவிட்டது களவு. ‘குதிரை வரும்’ என்றது பொய். நரியைக் குதிரையாக்கிக் கொடுத்தது வஞ்சம். இக்கதையும் பிற்காலப் புராணிகர் கட்டியது என்பன அவர் கூற்றுகள்.

கதை பிற்காலத்தது என்பது பொருந்தாது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலில் 59, 60-ஆம் படலங்களாக இதனை விரித்தற்கும், கடவுள் மாமுனிவர் திருவாதவூரர் புராணத்திற் குதிரையிட்ட சருக்கம் பாடுதற்கும் நெடுங்காலம் முன்னரே, திருவாசகத்திற் கீர்த்தித் திருவகவலில் அடிகளே இறைவன் நரியைக் குதிரையாக்கியதையும் பாண்டியனுக்குப் பரிவிற்றதையும் குறித்தருளினார். அப்பரடிகளின் திருவாரூர்ப் பதிகமொன்றிலும் நரியைக் குதிரை செய்யும் திறம் இறைவற்குக் கூறப்பட்டுள்ளது. இதுபற்றி அடிகள் காலம் மூன்றாம் நூற்றாண்டு என மறைமலையடிகளும், ஒன்பதாம் நூற்றாண்டு எனப் பிறர் பலரும் கூறியது வேறு வழக்கு. அது ஈண்டு வேண்டப்படாது. செய்தி பழமையுடையது என்னும் அளவே ஈண்டைக்குப் போதும்.

களவு என்பதும் பொருந்தாது. கள்வன் கொண்ட பொருளைத் தனக்காக்குவான், மறைப்பான், ஓடுவான். அடிகள் தமக்கென ஒரு காசும் வைத்திலர். பணியை ஊரறியச் செய்தார். அரசன் ஓலை வந்தபோது ஓடி ஒளிந்திலர். மதுரைக்கு மீண்டு, மன்னன் முன்னே நின்று, குருநாதன் அருளியவாறே ஆவணி மூலத்திற் குதிரை வரும் என்றார். அவர் அச்சொல்லைத் தம் திறனை நம்பிச் சொன்னாரல்லர்; சொல்வித்தவனை நம்பிச் சொன்னார். வராத குதிரையை வரும் என்றால் அன்றோ பொய்? குறித்த நாளிற் குதிரை வந்தது. மதுரை முழுதும் கண்டது. ஆகவே பொய் என்பதும் கழிந்தது.

வஞ்சம் என்பதற்கு விடை சிறிது விரித்துக் கூறற்பாலது. குதிரைச் சேவகனாக வந்த பெருமான் மன்னன் கண்ணைக் கட்டிக் குதிரை கொடுத்தானல்லன். புராணம் கூறும் முறையை நோக்குக. பரிகளின் இலக்கணமும் நடையும் எடுத்துரைக்கப்பட்டன. குதிரைகள் ஐங்கதியும் காட்டி ஓட்டப்பட்டன. மன்னன் கண்டு மகிழ்ந்தான். அதன்பின்னரே கயிறு மாறப்பட்டது. கயிறு மாறுதலாவது விற்பான் கையிலுள்ள கயிற்றைக் கொள்வான் வாங்கிக்கொள்ளுதல். அதன்பின் விலங்கின் நன்மை தீமை கொண்டவனையே சாரும் என்பது விலங்கு வாணிகத்து மரபு. அடிகளின் திருவகவலோ, இறைவன் அவ்விற்பனையிற் பொன் பெற்றிலன் என்பதையும் உடன்கூறும். விலை பெறாத விற்பனையில் வஞ்சம் யாண்டையது? வஞ்சகன் பொன்னை நாடுவான். இவன் பாண்டியனையே நாடினான்.

அற்றேல், அன்றிரவே அவை நரியாகி இலாயத்துப் பழங்குதிரைகளையும் கடித்துக் குதறியது எதன்பொருட்டு எனின், அதுவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. மன்னன் கண்ணாற் காணத்தக்கன யாவும் கண்டான். கண்டதில் பிழை இல்லை. ஆயினும் அவன் நம்பிக்கை பரியின்மேலேயே நின்றது. பரி கொணர்ந்தவன்மேற் செல்லவில்லை. சொக்கலிங்கப் பெருமானே எதிரே நிற்க, மன்னன் அவன் ஏறிய குதிரையின் சுழியும் நிறமுமே நோக்கினான். வாதவூரர்க்கோ குதிரையின்மேல் நோக்கமில்லை. ஆண்டவன் மேலே நோக்கம் இருந்தது. அவ்விருவருள் விடிந்தபின் உள்ளம் கலங்கியவர் யாவர் என நோக்குக. பொருளின்மேல் வைத்த நம்பிக்கை பொருள் மாறியவுடன் மாறும். முதல்வன்மேல் வைத்த நம்பிக்கை நரியினும் பரியினும் மாறாது. வைகை மணலிற் கதிர்வெயிலில் நிறுத்தப்பட்டபோதும் அது மாறியதில்லை என்பதை வரலாறு காட்டும்.

இதன்பின்னும் பழி எஞ்சுமாயின் அஃது அடிகள்பாலதன்று, ஆட்கொண்டவன் பாலதாம். அவனோ அப்பழியையும் விட்டானல்லன். வைகையைப் பெருகச்செய்து, வந்திக்கு ஆளாய்ப் பிட்டுக்கு மண்சுமந்து, மன்னன் கைப்பிரம்படியைத் தன் முதுகில் ஏற்றான். அடியவர் கணக்கைத் தன் முதுகில் தீர்த்த விற்பான் ஒருவனை வஞ்சகன் என்று கூறுவார் வேறு யாரை நேர்மையாளன் எனக் கூறுவார்? இவ்விரு திருவிளையாடல்களும் இன்றும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் நடத்தப்பெறுகின்றன. மக்கள் ஆண்டுதோறும் கூடிக் காண்பது ஏமாந்த கதையை அன்று, கைவிடாமையின் கதையையே.

இனி இரண்டாஞ் சாரார்க்கு வருவாம். அவர் நம்மவராதலின் அவர்க்குக் கூறுவது இன்னும் வெளிப்படையாகக் கூறற்பாலது. வாதவூரர் தேடுதலை விட்டார். குதிரை தானே வந்தது. சேரமான் பெருமாள் நாயனாரும் திருக்கயிலைக்குச் செல்லுங்கால் நல்ல பரியைத் தேடி அலைந்திலர், கிட்டிய பரியில் ஏறி அதன் செவியில் திருவைந்தெழுத்தை ஓத அது வான்வழிச் சென்றது. ஆதலின் தேடுதல் நம்பிக்கையின்மையின் அடையாளம் என்பது அவர் துணிபு.

இது பக்தியன்று, பக்தியின் பெயரால் வந்த மடிமை. சேரமான் பெருமாள் ஏறிய வேளை தோழர் வெள்ளானைமீது வானிற் செல்லும் வேளை. ஆராய்தற்குரிய காலம் அதற்கு முன்னரே கழிந்தது. வாணாளெல்லாம் நாள்தோறும் வழிபட்டு, வழிபாட்டின் முடிவில் திருச்சிலம்போசை கேட்டு வாழ்ந்த பெருந்தகை அவர். அவர் ஓதிய ஐந்தெழுத்து அன்று காலையிற் கற்றதன்று. வாணாள் முழுதும் தேடிய தேட்டம் பரியின் செவியிற் சென்று பயன் தந்தது. தேடாதான் குதிரையின் செவியில் எதனை ஓதுவான்?

வாதவூரரும் தேடாதிருந்தார் அல்லர். தென்னவன் பிரமராயர் என்னும் பட்டமும் அமைச்சுரிமையும் உடையராய் வாழ்ந்த காலத்தே, இவ்வுலகியலின் நிலையாமை கண்டு, பிறவிக்கடல் கடத்தும் குருவைத் தேடிப் பல சமயத்து அறிஞரையும் வினவினார் என வரலாறு கூறும். வினவினார், அளந்தார், அமையாதாரை அமையாதார் எனக் கண்டு அகன்றார், அகன்றதனால் மனமுடைந்தாரும் அல்லர். குரு இலன் என முடிவுசெய்து அரசபோகத்தில் ஆழ்ந்தாரும் அல்லர். கிடைத்தவர் போதும் என்று ஒருவரைக் குருவாகக் கொண்டாரும் அல்லர். இந்நிலையில்தான் அரசன் ஏவலால் குதிரை தேடப் புறப்பட்டார். திருப்பெருந்துறையில், இக்காலத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் என வழங்கும் தலத்தில், குருந்தமர நிழலிலே தாம் நெடுங்காலந் தேடியவரைக் கண்டார். கண்டவுடன் அறிந்தாரே, எங்ஙனம் அறிந்தார்? அளந்து அளந்து பழகிய உள்ளமாதலின் அறிந்தார். ஆராயாதவனுக்கு அக்குருந்தமரம் வழிப்போக்கர் இளைப்பாறும் நிழல் மட்டுமே.

ஆகவே வாதவூரர் தேடுதலை விட்டார் என்பது பிழை. தேடியது கிட்டிற்று, ஆதலின் தேடுதல் முடிந்தது என்பதே மெய். முடிந்த தேடுதலைக் காட்டித் தொடங்காத சோம்பலுக்குச் சான்றாக்குதல், அறுவடை செய்தவன் ஓய்வைக் காட்டி உழாதவன் உறங்குதல் போலும்.

சித்தாந்தம் இவ்விடத்துக் கூறுவது தெளிவு. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிர்க்கே சத்திநிபாதம் நிகழும். பரிபாகம் வரும் நாளை உயிர் அறியாது. அறியாமை பற்றிச் சரியை கிரியை யோகங்களை விடவுங் கூடாது. செய்து காத்திருத்தலே உயிரின் கடன். வெறுங் காத்திருப்பும் அன்று; காத்தலற்ற ஓட்டமும் அன்று. விதைத்தவன் மழையை நோக்குவது நம்பிக்கை. விதையாதவன் மழையை நோக்குவது வேடிக்கை.

பரிகொள்வான் செயலும் இதுவே. பரியிலக்கணம் கற்றல் சரியை போல்வது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தார் வெளியிட்டதாக 1952 முதல் அச்சிலும் உளது. அன்ன நூல்களைக் கண்டார் சொற்கேட்டேனும் அறிதல் வேண்டும். அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிற் போலக் கத்தியவாரும் மார்வாரியும் நாட்டு மட்டமும் ஒருங்கு நிற்கும் இடங்களுக்குச் சென்று, வாங்காத நாளிலும் பார்த்துக் கண் பழக்கல் வேண்டும். தனக்கு எத்தகைய பரி வேண்டும் என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். வண்டிக்கு வேண்டுவது ஒன்று, குழந்தை ஏறப் பழகுதற்கு வேண்டுவது ஒன்று. முதல் நோக்கிற் பற்று வையாது, அறிந்தார் ஒருவரை உடன்கொண்டு செல்லல் வேண்டும். இத்துணையும் செய்தபின் கிட்டாத நாளைக் கேடான நாள் எனக் கருதாது, ஒரு பொல்லாப் பரியினின்று காக்கப்பட்ட நாள் எனக் கருதுதல் வேண்டும். தள்ளிய பரி ஒவ்வொன்றும் தோல்வியன்று. கண் தெளிந்ததற்கு அடையாளம். இதுவே நம்பிக்கையின் உண்மை வடிவு.

தொகுத்து நோக்கின், நம்பிக்கை மூன்று செயல் செய்வது புலனாம். தேடுவானை வீட்டினின்று புறப்படச் செய்வது ஒன்று. தகாததை ‘இஃதன்று’ எனத் தள்ளும் வலிமை தருவது ஒன்று. தக்கது எதிர்ப்பட்டபோது ஐயுற்று அகலாது கயிற்றைக் கைக்கொள்ளச் செய்வது ஒன்று. முதலாவதை இழந்தார் இரண்டாஞ் சாரார், அவர் புறப்படவேயில்லை. மூன்றாவதை இழந்தார் முதற் சாரார். அவர்க்கு எப்பரியும் தக்கதாகத் தோன்றாது. நடுவண் நின்ற தள்ளும் வலிமையோ இருவர்க்கும் இல்லை; புறப்படாதவன் எதனையும் தள்ளான்; எல்லாம் தீதென்பான் தள்ளித் தள்ளிக் களைத்து, முடிவில் தள்ளத்தக்கதையே கொள்வான்.

திருமூலர் பிராணவாயுவைக் குதிரையாக உருவகித்தார். கடோபநிடதம் பொறிகளைக் குதிரை என்றது. அங்ஙனமாகலின் உடம்போடு பிறந்தார் அனைவரும் பரியுடையாரே; அப்பரியைச் செலுத்தவல்ல சேவகனைத் தேடுவாரே. அச்சேவகன் தக்க பரி தேடுவானுக்குத் தெருவிலும் எதிர்ப்படுவான், சந்தையிலும் எதிர்ப்படுவான், குருந்தமர நிழலிலும் எதிர்ப்படுவான். எதிர்ப்படும் நாளில் கண் தெளிந்திருத்தலும் கால் நடந்திருத்தலும் தேடுவான் கடன். நம்பினேன் என்று இருப்பாரும், நம்பேன் என்று இருப்பாரும் இருக்குமிடத்தே இருப்பர். நம்பி நடந்தார் திருவடியே சைவர்க்கு வழி.

திருச்சிற்றம்பலம்